மஞ்சள் ஒயர்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் வீட்டம்மாவும் சுகம். மலை மேல் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது என்று அவளுக்கு எழுதியிருந்தீர்களாம். காதை மூடாமல் வெளியே நிற்காதீர்கள்.

கல்யாணம் ஆனதிலிருந்து நாம் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். "சாப்பிட்டீங்களா?" என்பேன். "ஆச்சுங்க அத்தை" என்பீர்கள். அத்தோடு சரி. அப்படியிருக்க, திடீரென்று மாமியாரிடமிருந்து கடிதம் வந்தால் எந்த மனுஷனும் கெட்ட செய்தி என்றுதான் நினைப்பான். பயப்படாதீர்கள். இது லேசர் விஷயம்.

பம்ப் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து நான் சாப்பாட்டு மேசையில் ஒரு சிஎன்சி இயந்திரம் கட்டிக்கொண்டிருந்தேனே, அது ஓட ஆரம்பித்துவிட்டது. கணினி சொல்கிறபடி முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்ந்து பலகையை வெட்டுகிறது. பக்கத்துத் தெரு மழலையர் பள்ளிக்கு மரத்தில் மிருகப் புதிர்கள் செய்து தருகிறேன். தலைமையாசிரியை ஒவ்வொரு மிருகத்தின் மேலும் அதன் பெயர் வேண்டும் என்கிறார். என் வெட்டும் அலகு தடிமன். புலி, எலி வரைக்கும் சமாளித்தேன். ஒட்டகச்சிவிங்கியின் பெயர் அதன் கழுத்திலேயே அடங்கவில்லை.

லேசர் என்றால் மெல்லிசாகச் சுட்டு எழுதும் என்றார்கள். ஒரு லேசர் மாட்யூல் வாங்கிவிட்டேன். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது, முதுகில் ஒரு குட்டி விசிறி. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று ஒயர் வருகிறது. என் கண்ட்ரோல் போர்டில் முள்ளு முள்ளாக நாற்பது கால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதை எதில் கொடுப்பது? இரும்பு என்றால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். மின்சாரம் கண்ணில் படாத சமாச்சாரம், எனக்கும் அதற்கும் ஒத்துப்போவதில்லை.

வாலுவிடம் கேட்டேன். (உங்களுக்கு அவள் வீட்டம்மாவாக இருக்கலாம், பெற்ற எனக்கு இன்னும் வாலுதான்.) "நான் பல் செட் செய்யறவம்மா. என்னைக் கேட்டா? அவருக்கே எழுதுங்க" என்றாள். வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கிற உங்கள் பெரிய தட்டுக்குப் பக்கத்தில் கைபேசி, வைஃபை எதுவும் ஆகாதாமே. அதனால்தான் இந்தக் காகிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அத்தை


ஜனவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம், காதும் நலம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்தது உண்மை. இங்குள்ள சமையல்காரர் "வீட்ல ஏதாவதா?" என்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். லேசர் என்றதும் இருவரும் டீ குடிக்கப் போனோம்.

படம் வரைந்து இணைத்திருக்கிறேன். சிவப்பு ஒயருக்குத் தனி பவர் சப்ளை கொடுங்கள், பன்னிரண்டு வோல்ட். போர்டிலிருந்து எடுக்காதீர்கள், அது தாங்காது. கறுப்பு, அந்த சப்ளையின் கிரவுண்டுக்கு. அந்தக் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று புரியாத பாஷை பேசும். மஞ்சள்தான் உத்தரவு ஒயர். வெட்டும் மோட்டாரின் வேகத்தைச் சொல்ல உங்கள் போர்டில் ஒரு முள் இருக்கும், படத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். மஞ்சளை அதில் கொடுங்கள். எவ்வளவு எரிய வேண்டும் என்பதை அதன் வழியாகத்தான் போர்டு சொல்லும். மென்பொருளில் 'லேசர் முறை'யைத் திறந்துவிட்டால், இயந்திரம் நின்றதும் லேசர் தானாக அணையும்.

மாட்யூலுடன் ஒரு பச்சைக் கண்ணாடி வந்திருக்கும். அதைப் போடாமல் அந்த அறைக்குள் யாரும் நிற்கக் கூடாது.

இன்னொன்று. இங்கே கூடுதலாக ஒரு வருடம் இருக்கச் சொன்னார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்காமல் சொன்னது தப்புதான். எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. வீட்டில் பருவநிலை எப்படி?

பணிவுடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 2

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

எரிகிறது! நீங்கள் வரைந்தபடி அப்படியே கொடுத்தேன். ஒட்டகச்சிவிங்கி தன் முழுப்பெயரையும் கழுத்தில் சுமந்துகொண்டு நிற்கிறது, புள்ளிக்குக்கூட இடம் மிச்சம். தெருவில் உள்ளவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள் என்று திரை போட்டிருக்கிறேன், அவர்கள் கண் என்னாவது? வீடு முழுக்கச் சுட்ட மரத்தின் வாசனை. வாலு, "என் தலைமுடியெல்லாம் அடுப்பு மாதிரி நாறுது" என்று சொல்லிக்கொண்டே புதிதாக வாங்கிய இரண்டாவது பச்சைக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். பலகை மாற்றித் தருவது அவள் வேலை.

ஒரு சின்ன சந்தேகம். இயந்திரத்துக்கு சுவிட்ச் போட்டதும், நான் ஒன்றும் சொல்லாமலேயே லேசர் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைகிறது. மரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது. இது வழக்கம்தானா?

பருவநிலை கேட்டிருந்தீர்கள். மேகமூட்டம். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படுகின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் நடுவில் வரமாட்டேன்.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 11

அத்தைக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். அது வழக்கமில்லை. இதைப் படித்ததும் லேசரின் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

காரணம் இதுதான். கரண்ட் வந்ததும் போர்டு கண்விழிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை மஞ்சள் ஒயர் யார் பிடியிலும் இல்லாமல் அந்தரத்தில் இருக்கும். லேசர் அதை 'முழு பலத்தில் எரி' என்று எடுத்துக்கொள்கிறது. மஞ்சளுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று பற்றவைத்தால், போர்டு விழிக்கும்வரை அது மஞ்சளைக் கீழே, அதாவது 'எரியாதே' என்ற நிலையில், பிடித்து வைத்திருக்கும். அரிசி மணி அளவுதான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லாமல் விட்டேன்.

மழை கொட்டுகிறது. கீழே பாதை சரிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தபால் வண்டி போகுமா தெரியவில்லை. அலுவலகத் தொலைபேசிக் கம்பியும் அதோடு போய்விட்டது.

மாப்பிள்ளை


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நலம். பிப்ரவரியில் நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. உறை நனைந்து உலர்ந்து அப்பளம் போல் இருந்தது. ரெசிஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஒயரைக் கழற்றியாகிவிட்டது.

வாலு நலம். வேலை அதிகம். அதனால் எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கும் மழை.

அத்தை


மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். பாதையில் வண்டி போக இன்னும் நாளாகுமாம். வாரம் ஒருமுறை ஒருவர் தபால் பையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே ஏறி வருகிறார். இந்த ஊரிலேயே முக்கியமான மனிதர் இப்போது அவர்தான்.

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்து நான் பார்த்ததில்லை. ரெசிஸ்டரை வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், போட்டதாக எழுதவில்லை. இரண்டு நிமிட வேலையை நீங்கள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் இல்லை. புதிர்கள் என்னவாயின?

அவளிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபம் என்றால் திட்டியாவது எழுதுவாள். பக்கம் பக்கமாகத் திட்டுகிறவள் சும்மா இருந்தால்தான் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்: அந்தக் கூடுதல் வருடம் வேண்டாமென்று நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவளைக் கேட்காமல் இனிமேல் ஒரு மாதம்கூட முடிவு செய்யமாட்டேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அங்கே மழை விட்டதா?

கோபமெல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஒரு மாசம்கூடவா? பாவம், ரொம்பத்தான் பயந்துட்டார்" என்றாள். பிறகு மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

பள்ளியில் அவகாசம் கேட்டிருக்கிறேன். அவசரமில்லை என்றார்கள். எனக்கும் அந்த அறையில் இப்போது வேலையில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 31

அத்தை,

அவளுக்கு நீங்கள் ஏன் படித்துக் காட்ட வேண்டும்?

இடது கண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல் என்பது எனக்குத் தெரியும். வலது கண்ணை வைத்துத்தான் பல்லுக்கு மெருகு போடுகிறாள், என் கையெழுத்தையும் படிக்கிறாள். வலது கண்ணுக்கு என்ன ஆயிற்று?

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். மேலே தட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர். ஒருவர் வந்து மாற்றாமல் தட்டை விட்டு நகர முடியாது. ஆனால் அடுத்த பையில் பதில் இல்லையென்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே இறங்கிவிடுவேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியைப் படிப்பீர்கள். கண் தேறிக்கொண்டிருக்கிறது. நேற்று டாக்டரம்மா தன் வாயாலேயே சொன்னார்.

நடந்தது இது. உங்கள் எச்சரிக்கை வழியில் சேற்றில் கிடந்த நாட்களில் ஒன்று. நானும் வாலுவும் யானை எழுதிக்கொண்டிருந்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. எல்லாம் நின்றுவிட்டதே என்று வாலு பச்சைக் கண்ணாடியைக் கழற்றினாள், வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது. பலகை நகர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. லேசர் பளிச்சென்று எரிந்தது. பலகையைப் பிடித்திருந்த எஃகுப் பட்டையில் பட்டு நேரே அவள் வலது கண்ணுக்கு ஏறியது.

கண்ணை மூடித் திறந்தாள். என்னைப் பார்த்து, "அம்மா, உங்க காது தெரியுது, தோள் தெரியுது. முகம் இருக்கற எடத்துல ஓட்டையா இருக்கு" என்றாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று எனக்கு நினைவில்லை. டாக்டரம்மா உள்ளே வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒரு ரத்தக்குழாய் கசிஞ்சு, ரத்தம் பார்வைக்கு முன்னால திரை மாதிரி நிக்குது. அது தானா கரையணும். கரைஞ்சாத்தான் அடியில விழித்திரை எப்படியிருக்குன்னு சொல்ல முடியும்" என்றார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலையை உயர்த்தியே தூங்க வேண்டும். ரத்தம் மெல்லக் கீழே இறங்கட்டும் என்பதற்காக. தலையணைகளை அடுக்கி அவளை உட்காரவைத்தே தூங்க வைத்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காத்திருப்பதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "பாதை சரிஞ்சு கெடக்கு. இவரு காதுல விழுந்தா அந்தச் சேத்துலயே இறங்கி ஓடி வருவாரு. அப்புறம் எனக்குக் கண்ணும் இல்ல, புருஷனும் இல்ல" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பொய்யாக நாலு வரி எழுதுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. படித்துக் காட்டினேன் என்று எழுதியது தவறி விழுந்த வார்த்தை. தபால் போன பிறகுதான் உறைத்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அன்று திரும்பி வந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். வாலு வாசற்படியிலேயே நின்று, "யானைய முடிக்காம உடைக்கக் கூடாது" என்றாள். துணி போட்டு மூடி வைத்தேன். இதுநாள்வரை திறக்கவில்லை. லேத்தில் கரண்ட் போய் வந்தால் தானாகச் சுற்றக் கூடாது, ஆள் வந்து பொத்தானை அமுக்கினால்தான் சுற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்த பாடம் அது. என் கையால் கட்டின இயந்திரத்தில் அதை வைக்கவில்லை.

நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "திரை இறங்கிடுச்சு. அடியில சின்னத் தழும்புதான். நடுப்புள்ளிக்குப் பக்கத்துல, மேல இல்ல" என்றார். வாலு எழுத்துப் பலகையில் மேலிருந்து ஐந்து வரி படித்தாள். ஆறாவதைத் திக்கித் திக்கிப் படித்தாள். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் இருந்தவர் யாரோ தண்ணீர் கொடுத்தார்.

நடந்தே இறங்கி வராதீர்கள். நன்றாக இருக்கிறாள்.

அத்தை


ஏப்ரல் 15

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம் என்று இன்றுதான் எழுத முடிகிறது.

கடிதத்தைப் பை வந்த இடத்திலேயே, ஈரத்தில் நின்றபடியே படித்தேன். முடித்ததும் கடைசிப் பத்தியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். சமையல்காரர் தோளைத் தொட்டபோதுதான் குடை இல்லாமல் நின்றது தெரிந்தது. "என்னப்பா, நல்லதா கெட்டதா? மூஞ்சியப் பாத்தா தெரியலயே" என்றார். நல்லது என்று சொல்லிக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

உங்கள் மேல் கோபமா என்றால், ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு நீங்கள் அங்கே தனியாக நின்றதை நினைத்துப் பார்த்தேன், போய்விட்டது. பொத்தானை நீங்கள் மறந்தீர்கள், ரெசிஸ்டரை நான் மறந்தேன், பாதையை மழை எடுத்துக்கொண்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒன்றே ஒன்று: இனி என் நன்மைக்காக என்னிடம் எதையும் மறைக்காதீர்கள். வேண்டுமானால் அவளைத் திட்ட எனக்கு அனுமதி கொடுங்கள்.

இன்னொரு படம் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே பொத்தான்தான். கரண்ட் போய் வந்தால் லேசருக்குப் போகும் இணைப்பு அறுந்தே இருக்கும், பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் சேரும். இயந்திரத்தைச் சுற்றி ஒரு பெட்டி கட்டுங்கள். அதன் மூடியைத் திறந்தாலும் இணைப்பு அறுந்துவிடும். ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் போதும் என்று இனி சொல்லமாட்டேன்.

கூடுதல் வருடம் வேண்டாமென்று போன மாதமே எழுதிக் கொடுத்தேன். தலைமைப் பொறியாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனேன். "அப்பாடா, அந்த இடத்தைக் கேட்டு ஒருத்தர் என் உயிரை வாங்கிட்டிருந்தாரு" என்றார். பாதை திறந்ததும் அந்த ஒருத்தர் மேலே வருவார், நான் கீழே வருவேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 27

என்னவருக்கு,

எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். டாக்டரம்மா எழுத அனுமதி கொடுத்து மூன்றாவது நாள் இது. முதல் இரண்டு நாளும் என் பெயரையே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகமாக இருக்கிறேன். வரியின் நடுவில் ஒரு பொடி மங்கல் இருக்கிறது, எறும்புத் தலை அளவு. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓடிவிடுகிறது. நேற்று பல் செட் செய்யும் கூடத்துக்குப் போனேன். முதலாளி ஒரு கடைவாய்ப்பல்லைக் கையில் கொடுத்து, "பாரு, எங்க மேடு இருக்கு?" என்றார். சொன்னேன். "திங்கக்கெழம வந்துடு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் கண் கலங்கினதை நான் பார்த்தேன், பார்க்க முடிகிறதே!

உங்கள் மேல் கோபம் இருந்தது நிஜம். எழுதவும் உட்கார்ந்தேன், மூன்று பக்கம் மனசுக்குள் தயாராக இருந்தது. கண் போன பிறகு கோபத்தைக் கவனிக்க நேரமில்லை. கண் வந்ததும் அதுவும் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் நீங்கள் அந்த வருடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், மூன்று பக்கமும் வீண்.

கண்ணாடியைக் கழற்றியது நான். "கழட்டாதே, கரண்ட் வந்துடும்" என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார்கள், எனக்குத் தெரியும். ராத்திரி பகல் பாராமல் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்கிச் சரிந்தால் தலையைத் தூக்கி நிமிர்த்துவார்கள். அவ்வளவு பதமாக. லேத்தில் முடியளவு உலோகத்தைச் சீவுகிற கை.

பள்ளியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கேட்டாயிற்று. "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லு" என்கிறார்கள் அம்மா. உங்கள் படத்தை மேசையில் வைத்தேன், திருப்பி வைத்துவிட்டார்கள். பெட்டியை மட்டும் செய்தார்கள், மூடி அவ்வளவு கச்சிதம். ஆனால் துணியை எடுத்து அந்தப் பெட்டியை மாட்ட மாட்டேன் என்கிறார்கள். எனக்குக் கண் சரியாகிவிட்டது, அம்மாவுக்கு இன்னும் ஆகவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்களிடம் மரியாதை ஜாஸ்தி, தபால் கார்டு காலத்திலிருந்தே.

சீக்கிரம் வாருங்கள். சேற்றில் வேண்டாம்.

உங்கள் வீட்டம்மா


மே 12

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். இந்த முறை அந்த வார்த்தையை நம்பலாம்.

நீங்கள் வாலுவுக்கு எழுதிய கடிதத்துக்குள் எனக்கென்று மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டு கிடைத்தது. "நான் வந்து செய்துகொடுக்கமாட்டேன் அத்தை. நீங்கள்தான் செய்ய வேண்டும். அவளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இவர் யார் எனக்குச் சொல்ல என்று நினைத்தேன். இரண்டு நாள் எரிச்சலோடு நடமாடினேன். மூன்றாம் நாள் காலை டீ குடித்துவிட்டு நேரே போய்த் துணியை இழுத்துப் போட்டேன்.

ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். பச்சைப் பொத்தானை மாட்டினேன். மூடியில் சுவிட்சை வைத்துத் திருகினேன். ஒவ்வொரு இணைப்பையும் வாலு உங்கள் படத்தைப் பார்த்து உரக்கப் படித்தாள், நான் ஒயரை இழுத்துப் பார்த்தேன். அவள் படிக்கிறாள் என்பதே பாதி தெம்பு. எஃகுப் பட்டையைத் தூர எறிந்துவிட்டு மரக்கட்டையால் பலகையைப் பிடிக்க வைத்தேன். இருவரும் பச்சைக் கண்ணாடி மாட்டினோம். மூடியைச் சாத்தினோம். அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். "மாட்டேன்" என்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள், என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு.

சுவிட்சைப் போட்டேன்.

லேசரின் விசிறி அசையவில்லை. போர்டில் விளக்கு வந்தது. மரத்தில் ஒன்றும் விழவில்லை. அணைத்தேன், மறுபடி போட்டேன். ஒன்றுமில்லை. வாலு சுவரில் பிளக்கையே பிடுங்கிச் செருகினாள். ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தோம், சாத்தினோம். பலகை வெள்ளையாக அப்படியே இருந்தது.

"அவ்ளோதானாம்மா?" என்றாள் வாலு.

அவ்வளவுதான், மாப்பிள்ளை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. அவள் என் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டு, பச்சைப் பொத்தானைத் தானே அமுக்கி, பாதியில் நின்றிருந்த யானையை எழுதி முடித்தாள்.

பாதை திறந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். பார்த்து வாருங்கள்.

அன்புடன்,
அத்தை